தங்கவயலின் சயனைடு மேடுகள்: மூடுவதா, மீண்டும் கரைப்பதா, சுரங்கத்துக்கே திருப்புவதா?

பங்காருபேட்டையில் ரயில் மாறி மாரிகுப்பம் போகிறவர்களுக்கு, ஊர் வருவதற்கு முன்பே அந்த மேடுகள் தெரிந்துவிடும். வெளிர் சாம்பல் நிறத்தில், பெரும்பாலும் புல் பூண்டில்லாமல், மழை அறுத்த ஓடைகள் உச்சியிலிருந்து அடிவரை கோடு கோடாக இறங்க, வீட்டு வரிசைகளுக்குப் பின்னாலேயே எழுந்து நிற்கும். ஊரார் சயனைடு மேடு என்கிறார்கள். ஆடிக் காற்று தொடங்கினால் மேட்டின் பொடி சன்னல் கம்பியிலும், கொடியில் காயும் துணியிலும், மூட மறந்த சோற்றுப் பானையிலும் படியும்.

கோலார் தங்கவயலில் 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய சுரங்க வேலை 2001 பிப்ரவரி 28-இல் நின்றது. இடையிலான 120 ஆண்டுகளில் ஏறக்குறைய 800 டன் தங்கம் வெளியே போயிற்று. அதற்காக உடைத்து அரைத்த பாறை மட்டும் எங்கும் போகவில்லை. 13 மேடுகளில் 3 கோடி டன்னுக்கு மேல் கிடக்கிறது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போய் அந்தப் பாறையை உடைத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று அதன் அடிவாரத்தில் வாழ்கிறார்கள்.

2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, இந்த 13 மேடுகள் இருக்கும் சுமார் 1,000 ஏக்கரில் மீண்டும் தங்கம் எடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதிலிருந்து தங்கவயல் வாசகர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த மேடுகளை என்ன செய்வது? சிலர், தோண்டினால் வேலை வரும், மேடும் போகும் என்கிறார்கள். சிலர், கிளறாமல் மண் போட்டு மூடி மரம் வையுங்கள் என்கிறார்கள். எடுத்த குழிக்குள்ளேயே திருப்பிக் கொட்டினால் என்ன என்று கேட்கிறவர்களும் உண்டு. மூன்றிலும் நியாயம் இருக்கிறது. மேட்டைத் தொடாமல் கட்டிக்காப்பது என்ற நான்காவது வழியும் உண்டு. அதனால்தான் இதை உட்கார்ந்து எடைபோட வேண்டியிருக்கிறது.

## மேட்டுக்குள் இருப்பது என்ன

பாறையை மாவாக அரைத்து, நீர்த்த சோடியம் சயனைடு கரைசலில் ஊறவைத்தால் தங்கம் கரைசலுக்குப் போய்விடும். துத்தநாகத்தைக் கொண்டு அதை மீண்டும் படியவைக்கலாம். 1887-இல் ஸ்காட்லாந்தில் கண்டறியப்பட்ட முறை இது. மிஞ்சுகிற அரைமாவு கழிவு. அதைக் கொட்டிக் கொட்டி எழுந்தவைதான் இந்த மேடுகள்.

பெயரிலேயே சயனைடு இருப்பதால் எல்லோருடைய அச்சமும் அதன் மேல்தான். ஆனால், இத்தனை ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்த மேற்பரப்பில் தனிச் சயனைடு, அதாவது உலோகத்தோடு பிணையாத சயனைடு, பெரும்பாலும் சிதைந்துபோயிருக்கும். கதிரவன் ஒளியும் காற்றும் நுண்ணுயிரும் அதைச் சிதைத்துவிடுகின்றன. ஆழத்தில் நிலைமை வேறு. அங்கே இரும்போடு பிணைந்த சயனைடு நெடுங்காலம் தங்கும். பிணைந்திருக்கும்வரை அதன் நஞ்சு குறைவு. தோண்டி வெயிலில் பரப்பினால் பிணைப்பு அறுந்து தனிச் சயனைடு வெளிப்படும். மேட்டைக் கிளறும் எந்தத் திட்டத்துக்கும் இந்தக் கணக்கு தேவை.

அன்றாட ஆபத்து தூசியில் இருக்கிறது. தங்கவயலின் முதன்மையான தாது வெண்கல் எனப்படும் குவார்ட்ஸ். அதை அரைத்த மாவில் படிகச் சிலிக்கா உண்டு. சுரங்கத்துக்குள் இறங்கிய எத்தனையோ தொழிலாளர்களின் நுரையீரலைத் தின்ற சிலிகோசிஸ் நோய்க்குக் காரணமும் அதே பொருள்தான். தாத்தாவைக் கொன்ற தூசியைப் பேரன் மைதானத்தில் விளையாடும்போது சுவாசிக்கக் கூடாது. இந்தக் கட்டுரை முழுவதையும் எழுதவைத்தது அந்த ஒரு நினைப்புதான்.

மூன்றாவது விஷயம் வடிநீர். தங்கவயலில் இரண்டு வகைத் தாதுப் படிவங்கள் வெட்டப்பட்டன. சாம்பியன் படிவம் போன்றவை வெண்கல் சார்ந்தவை, கந்தகம் குறைவு. மேற்குப் பக்கத்துப் படிவங்களில் கந்தகக் கனிமங்கள் அதிகம். கந்தகக் கனிமத்தில் காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகும். அமிலம், பாறையில் இருக்கும் உலோகங்களையும் ஆர்சனிக்கையும் கரைத்து இழுத்துக்கொண்டு போகும். கூடவே சுண்ணாம்பு வகைக் கனிமங்கள் போதிய அளவு இருந்தால் அமிலத்தை அங்கேயே அடக்கிவிடும். ஆகவே, எந்த மேட்டில் எந்தப் படிவத்தின் மாவு கிடக்கிறது என்று தெரியாமல் எந்த வழியையும் தேர்ந்தெடுக்க முடியாது. அமில–கார இருப்புச் சோதனை என்று ஒன்று உண்டு. மாதிரியில் அமிலம் தரும் பொருள் எவ்வளவு, அதை முறிக்கும் பொருள் எவ்வளவு என்று அது சொல்லும். பதின்மூன்று மேட்டுக்கும் தனித்தனியாக, பல ஆழங்களில் மாதிரி எடுத்துச் செய்ய வேண்டிய சோதனை இது.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் ஐந்து அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன்.

முதலாவது, தூசி எப்போது நிற்கும். "கடைசியில் நின்றுவிடும்" என்ற பதில் போதாது. எத்தனை ஆடிக் காற்றுக்குப் பிறகு என்று சொல்ல வேண்டும். இரண்டாவது, மழைநீரும் வடிநீரும் எங்கே போகும். இது பாலாற்று வடிநிலம். ஊருக்குக் குடிநீர் தந்த பேத்தமங்கலம் ஏரி பாலாற்றில்தான் இருக்கிறது. அதைத் தாண்டினால் ஆந்திரம், அடுத்து வாணியம்பாடி. மூன்றாவது, செலவு யாருடையது, எத்தனை ஆண்டுகளுக்கு. நான்காவது, ஊருக்கு என்ன கிடைக்கும். விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்பும் ஊரில் வேலை என்ற சொல்லுக்குக் கனம் அதிகம்.

ஐந்தாவதை மற்ற நான்குக்கும் மேலாக வைக்கிறேன்: பணம் பாதியில் நின்றுபோனால் ஊர் எந்த நிலையில் இருக்கும்? சுரங்கம் ஒருமுறை மூடப்பட்ட ஊர் இது. இன்னொருமுறை ஒரு நிறுவனம் கதவைச் சாத்திக்கொண்டு போகும் நாளை முன்கூட்டியே நினைத்துப் பார்க்கும் உரிமை அதற்கு உண்டு.

## வழி 1: மேட்டைத் தொடாமல் கட்டிக்காப்பது

மேட்டை அப்படியே விட்டு, அடியில் கல் கட்டி, சுற்றி வாய்க்கால் வெட்டி, அரிப்பு மண் படிய குட்டைகள் அமைத்து, உச்சியில் உடைகல் பரப்பும் முறை. முதல் ஆண்டிலேயே பலன் தெரியும் வழி இது. சுரங்கத்திலிருந்து வந்த தாதுவற்ற உடைகல் ஊரிலேயே கிடைக்கும். அதைச் சோதித்துவிட்டு விரல் கனத்துக்கு உடைத்து மேட்டின் தலையில் பரப்பினால் காற்று அள்ளுவது பெருமளவு குறையும். ஆனால் சரிவுகளில் கல் நிற்காது. மழை சரிவை அறுத்துக்கொண்டேதான் இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு பராமரிப்பில் வருகிறது. படிவுக் குட்டை ஒவ்வோர் ஆண்டும் தூர்வாரப்பட வேண்டும். ஓராண்டு தவறினால் குட்டை நிறைந்து, சேறு வழக்கம்போல் தெருச் சாக்கடைக்குப் போகும். ஆண்டுதோறும் ஒதுக்கீடு கேட்டு நிற்கும் வேலை, ஆள் மாறும்போது முதலில் மறக்கப்படும். உள்ளே அமிலம் உண்டாகிறதென்றால் இந்த வழி அதைத் தடுக்கவும் தடுக்காது.

இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் நிச்சயமாகத் தோண்டப்படப்போகும் மேட்டுக்கும், வீடுகளிலிருந்து தள்ளி நின்று தானாகவே புல் பிடித்துவிட்ட மேட்டுக்கும் இது சரி. மற்றவற்றுக்கு இது முதலுதவிதான்.

## வழி 2: மண் போர்த்திப் பசுமையாக்குவது

கேட்பதற்கு எளிது. மண் போடு, விதை தூவு, மரம் நடு. நெய்வேலியில் சுரங்க மேல்மண்ணில் காடு வளர்க்கவில்லையா என்று சிலர் கேட்கிறார்கள். வளர்த்திருக்கிறார்கள். ஆனால் நெய்வேலியில் கொட்டியது நிலக்கரிக்கு மேலிருந்த மணலும் களிமண்ணும். தங்கவயலில் கிடப்பது ஆலையில் அரைத்து, வேதிப்பொருளில் ஊறவைத்த பாறை மாவு. அதில் தழைச்சத்து இல்லை, மட்கு இல்லை, மண்புழுவுக்கு இரை இல்லை. வெயிலில் மேல்தோல் இறுகி, மழையில் கரையும். விதை முளைத்தாலும் வேர் நிற்காது.

ஆகவே உண்மையான போர்வை அடுக்கடுக்காக அமைய வேண்டும். முதலில் மேட்டின் மேல் ஓரடுக்கு உடைகல். கீழே இருக்கும் உப்பும் உலோகமும் கோடையில் ஈரத்தோடு மேலேறி வராமல் அது தடுக்கும். அதற்கு மேல் செம்மண். மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு செடிக்குக் கொடுத்து, உள்ளே இறங்கவிடாமல் காக்கும் கனத்தில். அதற்கும் மேல் தொழுவுரம் கலந்த மண். மழை குறைந்த கோலார் மேட்டுநிலத்தில் இந்த முறைக்கு நல்ல வாய்ப்பு உண்டு. பெய்யும் மழையில் பெரும்பகுதியைச் செடிகளே குடித்துவிடும்.

கணக்கு பார்ப்போம். 1,000 ஏக்கர் என்பது சுமார் 40 லட்சம் சதுர மீட்டர். முழுவதையும் மூடுவதென்றால், வெறும் 30 சென்டிமீட்டர் மண்ணுக்கே 12 லட்சம் கன மீட்டர் வேண்டும். ஒரு லாரிக்குப் பத்து கன மீட்டர் என்றால் 1.2 லட்சம் லோடு. இந்த மண் எங்கிருந்து வரும்? ஒரு மேட்டை மூட இன்னொரு ஊரின் குன்றைக் கரைத்தால் கேட்டின் முகவரி மட்டும்தான் மாறும். ஏரிகள் நிறைந்த கோலார் மாவட்டத்தில் வண்டல் எடுப்பது நல்ல யோசனை. அந்த வண்டலையும் சோதித்த பிறகே கொண்டுவர வேண்டும்.

இரண்டாவது மறைசெலவு சரிவு. முப்பது மீட்டர் உயர மேட்டின் பக்கம் 35 பாகையில் நின்றால், உச்சி விளிம்புக்கும் அடிக்கும் கிடைத்தூரம் 43 மீட்டர். போர்வை வழுக்காமல் நிற்க மூன்றுக்கு ஒன்று என்ற சரிவு (மூன்று மீட்டர் கிடைத்தூரத்துக்கு ஒரு மீட்டர் உயரம்) வேண்டுமென்றால் அது 90 மீட்டராகும். ஒன்று, அடிவாரம் 47 மீட்டர் வெளியே நகர வேண்டும். அல்லது உச்சியை வெட்டி உள்ளே இழுக்க வேண்டும். மேட்டை ஒட்டிய தெருக்களில் 47 மீட்டரில் பல வீடுகள் அடங்கிவிடும். "மூடிவிடலாம்" என்று சுலபமாகச் சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: சரிவை எந்தப் பக்கம் சாய்க்கப்போகிறீர்கள்?

மூன்றாவது, செடி. மூன்று மழைக்காலமாவது நீர் ஊற்றிக் காக்க வேண்டும். முதலில் புல், வெட்டிவேர் சரிவைப் பிடிக்கும். ஆழமாக வேரிறக்கும் மரங்கள் போர்வையைத் துளைத்துக் கழிவைத் தொடும். காற்றில் வேரோடு சாய்ந்தால் போர்வையையும் பெயர்த்துக்கொண்டு விழும். சீக்கிரம் பச்சை தெரிய வேண்டும் என்று சீமைக்கருவேலத்தைத் தூவுவது அடுத்த தலைமுறைக்குச் செய்யும் துரோகம். பசுமை வந்தவுடன் ஆடுகளும் வரும். அங்கே வளரும் தழையில் ஆர்சனிக் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சோதித்துத் தெரியும்வரை வேலியும் காவலும் தேவை. அந்தக் காவலாளியின் சம்பளமும் திட்டச் செலவுதான்.

இத்தனைக்கும் பிறகு, பாதியில் நின்றால் என்ன ஆகும் என்ற என் ஐந்தாவது அளவுகோலில் இந்த வழி நன்றாகவே தேறுகிறது. பாதி மூடிய மேடு, மூடாத மேட்டைவிட நல்லது. மூடிய பகுதி மூடியதாகவே இருக்கும். செலவு முழுவதும் பொதுப்பணம் என்பதும், அதைத் திருப்பித்தர எந்தத் தங்கமும் இல்லை என்பதும் இதன் குறை.

## வழி 3: மீண்டும் கரைத்துத் தங்கம் எடுப்பது

பழைய முறையில் தப்பிய தங்கம் மேட்டில் இருக்கிறது. டன்னுக்குச் சுமார் 0.7 கிராம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 3.3 கோடி டன் கழிவு என்று வைத்துக்கொண்டால், 23 டன் தங்கம். அத்தனையும் கைக்கு வராது. அறுபது விழுக்காடு கிடைத்தால் 14 டன். இன்றைய விலையில் அது பெரும் பணம். செலவைத் தானே ஏற்கக்கூடிய ஒரே வழி இதுதான் என்பதால்தான் அரசுகளும் இதன் பக்கம் சாய்கின்றன.

ஆனால் கழித்தல் கணக்கையும் போட வேண்டும். 3 கோடியே 30 லட்சம் டன்னிலிருந்து 23 டன் முழுவதையும் எடுத்துவிட்டாலும் மிச்சம் 3 கோடியே 29 லட்சத்து 99 ஆயிரத்து 977 டன். தங்கம் போகும், மண் போகாது. "மேடு போய்விடும்" என்ற பேச்சுக்குப் பொருள், மேடு வேறிடத்துக்குப் போகும் என்பதுதான். எந்த இடம், எந்த வடிவம், யார் பொறுப்பு என்பவை மேடுகளை நிறுவனத்துக்கு விடும் ஏல ஆவணத்தின் முதல் பக்கத்தில் எழுதப்படாவிட்டால், நாம் விவாதித்துக்கொண்டிருப்பது தங்கத்தைப் பற்றி மட்டுமே.

நன்றாக நடந்த ஊர் உண்டு. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரைச் சுற்றிய தங்கக் கழிவு மேடுகளை 1970களின் பிற்பகுதியிலிருந்து நீர்ப்பீச்சியால் கரைத்து, குழாய் வழியே ஆலைக்கு அனுப்பி, தங்கம் பிரித்து, மிச்சத்தை பிராக்பான் அருகே பெரிய கழிவுத்தேக்கத்தில் சேர்த்துவருகிறார்கள். நகருக்குள் பல மேடுகள் மறைந்துவிட்டன. ஆனால் மேடு நின்ற தரை உடனே சுத்தமாகிவிடவில்லை. பல பத்தாண்டுகள் இறங்கிய அமிலமும் யுரேனியமும் அடிமண்ணில் தங்கியிருக்கின்றன. தங்கவயலிலும் மேட்டை எடுத்த பிறகு அடிமண்ணைச் சோதித்துச் சுரண்டும் செலவைத் தனியே எழுதிவைக்க வேண்டும்.

கெட்டுப்போன ஊரும் உண்டு. அதை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அதன் தொடக்கம் தங்கவயல் கதையை அப்படியே ஒத்திருக்கிறது. ருமேனியாவின் பாயா மாரே நகரத்தின் ஓரத்தில் பழைய சுரங்கக் கழிவு கிடந்தது. அதன் தூசி குடியிருப்புகளில் படிந்தது. 1999-இல் ஓர் ஆஸ்திரேலிய–ருமேனியக் கூட்டு நிறுவனம் அந்தக் கழிவைச் சயனைடில் மீண்டும் கரைத்துத் தங்கமும் வெள்ளியும் எடுக்க ஆலை அமைத்தது. ஊருக்குத் தூசி போகும், நிறுவனத்துக்குத் தங்கம் கிடைக்கும் என்ற ஏற்பாடு. மிச்சச் சேற்றை ஊருக்கு வெளியே புதிய குளத்தில் தேக்கினார்கள். ஒரு சொட்டும் வெளியே போகாத சுழற்சி முறை என்று நம்பியதால், நெருக்கடியில் உபரி நீரை வெளியேற்ற வழியே வைக்கவில்லை. 2000 ஜனவரி 30 அன்று மழையும் உருகிய பனியும் சேர்ந்து குளம் நிறைந்து கரை உடைந்தது. சயனைடு கலந்த சுமார் 1 லட்சம் கன மீட்டர் நீர் சோமெஷ், திசா ஆறுகள் வழியாக ஹங்கேரிக்குள் புகுந்து டான்யூபைத் தொட்டது. ஹங்கேரியில் மட்டும் ஆயிரம் டன்னுக்கு மேல் மீன் செத்தது. ஆலை ஓராண்டுகூட முழுதாக ஓடியிருக்கவில்லை. தங்கச் சுரங்கங்களுக்கான பன்னாட்டுச் சயனைடு நெறிமுறை அந்த விபத்துக்குப் பிறகு உருவானதுதான்.

பாலாற்றின் தலைமாட்டில் நின்றுகொண்டு இந்தக் கதையைப் படிக்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. எனவே, இந்த வழியை ஏற்பதென்றால் குளம் கட்டும் முறையை முதலிலேயே விலக்கிவிட வேண்டும் என்பது என் கருத்து. சேற்றை வடிகட்டும் அழுத்து இயந்திரங்களில் பிழிந்து, ஈரமண் பதத்துக்குக் கொண்டுவந்து, அடியில் நீர்க்காப்பு விரித்த இடத்தில் அடுக்கி, அடுக்கி முடித்த பகுதியை அப்போதைக்கப்போதே மூடிக்கொண்டு போகும் முறை இருக்கிறது. மின்செலவு அதிகம், ஆனால் உடைவதற்குக் குளம் இல்லை, பிழிந்த நீர் ஆலைக்கே திரும்பும். மழை குறைந்த ஊருக்கு இது பொருத்தமும்கூட. பிழிவதற்கு முன் சயனைடைச் சிதைக்கும் தொட்டி கட்டாயம்.

தண்ணீர் இன்னொரு கேள்வி. மேட்டை நீர்ப்பீச்சியால் கரைத்தால் தூசி குறையும், நீர் ஏராளமாக வேண்டும். உலர்வாக வாரினால் நீர் மிச்சம், தூசி ஊரை மூடும். நீர் இறைப்பு நின்ற பிறகு சுரங்கத்துக்குள் நிறைந்திருக்கும் நீரைச் சோதித்துப் பயன்படுத்தும் வாய்ப்பை ஆராய வேண்டும். ஊரின் குடிநீரில் கைவைக்கும் எந்தத் திட்டத்தையும் ஏற்கக் கூடாது.

மேலும் இரண்டு மறைசெலவுகள். ஒன்று, சயனைடு ஊருக்குள் லாரியில் வந்துசேர வேண்டும். 1998 மே மாதம் கிர்கிஸ்தானில் கும்தோர் தங்கச் சுரங்கத்துக்குப் போன லாரி பார்ஸ்கூன் ஆற்றில் விழுந்து சுமார் 1,760 கிலோ சோடியம் சயனைடு நீரில் கலந்தது. ஆகவே பாதையும் திட்டத்தின் ஒரு பகுதி. இரண்டு, காலம். நாளொன்றுக்குப் பத்தாயிரம் டன், ஆண்டுக்கு 330 நாள் என்றால் எல்லா மேடும் முடியப் பத்தாண்டு. கடைசி மேட்டின் கீழ் வாழ்கிறவர்கள் இன்னும் பத்து ஆடிக் காற்றுக்குக் காத்திருக்க வேண்டும்.

பாதியில் நின்றால் என்ன ஆகும்? நான்கு வழிகளிலும் இதுதான் மிக மோசம். தங்க விலை விழுந்து நிறுவனம் போய்விட்டால், இறுகிய தோலை உரித்துவிட்டு நெஞ்சைத் திறந்துவைத்த மேடும், மூடப்படாத புதுக் கழிவும், ஆலையும் ஊரின் தலையில் விழும். சுரங்க விதிகள் மூடல் திட்டமும் நிதி உத்தரவாதமும் கேட்கின்றன. ஆனால் இங்கே அது போதாது. கரைக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு தொகை, நிறுவனம் தொட முடியாத கணக்கில், தங்கம் விற்பதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும்.

## வழி 4: சுரங்கத்துக்கே திருப்பி அனுப்புவது

மனதுக்கு மிக நியாயமாகப் படும் வழி இது. எங்கிருந்து வந்ததோ அங்கேயே போகட்டும். ஆனால் பாறையை அரைத்தால் அது ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல் இடம் கேட்கும். வெற்றிடம் முழுவதும் திறந்திருந்தாலும் எல்லாம் உள்ளே போகாது. தங்கவயலில் வெற்றிடமும் திறந்தில்லை. 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சுரங்கம்; அழுத்தத்தில் பாறை திடீரென வெடித்துச் சிதறுவதற்குப் பேர்போனது; பல இடங்கள் கருங்கல் கட்டி நிரப்பப்பட்டவை, பல சரிந்தவை, கீழ்ப்பகுதி நீரில் மூழ்கியது. வெறும் சேறாக உள்ளே விட்டால் ஆர்சனிக் நிலத்தடி நீரில் கலக்கும். சிமெண்டு கலந்து பிசைந்து அனுப்பினால் பாதுகாப்பு. அந்தச் சிமெண்டின் விலை தங்கத்தின் லாபத்தை விழுங்கிவிடும்.

இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும். ஜோகன்னஸ்பர்க்குக்கு மேற்கே, குரூகர்ஸ்டார்ப் அருகில், இறைப்பு நிறுத்தப்பட்ட சுரங்கங்களில் நிறைந்த அமில நீர் 2002-இல் பழைய சுரங்க வாய் வழியாகத் தரைக்கு மேலே பொங்கி வழியத் தொடங்கியது. மூழ்கிய சுரங்கத்துக்குள் எதைத் தள்ளினாலும் அது நீரை இடம்பெயர்க்கும். தங்கவயலின் நீர்மட்டமும் நீரின் தன்மையும் தொடர்ந்து அளக்கப்பட வேண்டும், எந்த வழியைத் தேர்ந்தாலும்.

ஊருக்கடியில் ஆழம் குறைந்த பழைய வெட்டுகள் பள்ளம் விழும் அபாயத்தோடு இருந்தால், அவற்றை அடைக்கச் சிமெண்டு கலந்த கழிவு மிகச் சிறந்த பொருள். அந்த அளவுக்கு மட்டும் இந்த வழி என்றால் முழுமனதோடு ஆதரிப்பேன்.

செங்கல் செய்யலாமே என்று கேட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. தங்கவயல் கழிவில் சிமெண்டு கலந்தும், கரிசல் மண், செம்மண் கலந்து சுட்டும் செங்கல் செய்து பார்த்த ஆய்வுகள் உண்டு, கல் நிற்கிறது. ஆனால் ஒரு செங்கல்லில் ஒன்றரைக் கிலோ கழிவு என்றால் எல்லா மேட்டையும் தீர்க்க 2,200 கோடி செங்கல் விற்க வேண்டும். சிறுதொழிலாக நல்லது. மேட்டுக்கு விடையாகாது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | கட்டிக்காத்தல் | மண் போர்த்தல் | மீண்டும் கரைத்தல் | சுரங்க நிரப்பு |
|---|---|---|---|---|
| தூசி குறைய | ஓராண்டு. உச்சியில் மட்டும் | மூன்று, நான்கு ஆண்டுகள் | மேட்டுக்கு மேடு மாறும். கடைசிக்குப் பத்தாண்டு | மிக நீண்ட காலம் |
| நீருக்கு ஆபத்து | அரிப்பு தொடரும் | குறைவு | குளம் கட்டினால் மிக அதிகம். பிழிந்து அடுக்கினால் நடுத்தரம் | சிமெண்டு இல்லாவிட்டால் அதிகம் |
| செலவு யாருக்கு | அரசு, ஆண்டுதோறும் | அரசு, முதலில் பெரிது | நிறுவனம்; தவறினால் அரசு | அரசு, மிகப் பெரிது |
| ஊருக்கு வேலை | கொஞ்சம், நிரந்தரம் | சில ஆண்டுகள் நிறைய | பத்தாண்டு, பயிற்சி பெற்றவர்க்கு | குறைவு |
| பாதியில் நின்றால் | பழைய நிலை | செய்தவரை லாபம் | முன்பைவிட மோசம் | செய்தவரை லாபம் |

## எந்த மேட்டுக்கு எது

பதின்மூன்றையும் ஒரே ஏலத்தில் ஒரே வழியில் தள்ளுவதை நான் ஏற்கவில்லை. சோதனையில் அமிலம் உண்டாக்கும் என்று தெரியவரும் மேடு, வீடுகளை முட்டிக்கொண்டு நின்று சரிவைச் சாய்க்க இடமில்லாத மேடு ஆகிய இரண்டையும் நகர்த்தத்தான் வேண்டும். அவற்றுக்கு மீண்டும் கரைத்தல் பொருத்தம். தங்கம் அந்த நகர்வுக்கான செலவைத் தரட்டும். தங்கம் குறைவாக இருந்து, சுற்றிலும் இடம் இருக்கும் மேட்டுக்கு மண் போர்வை. ஏற்கெனவே புல் பிடித்து அடங்கிக் கிடக்கும் மேட்டைத் தொட வேண்டாம். வாய்க்காலும் குட்டையும் போதும்.

இதில் ஏலதாரர்கள் விரும்பாத ஒன்றும் உண்டு. அவர்கள் தங்கம் மிகுந்த மேட்டிலிருந்து தொடங்க நினைப்பார்கள். ஊருக்கு ஆபத்து மிகுந்த மேட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்று ஒப்பந்தம் கட்டளையிட வேண்டும். லாபமான மூன்று மேட்டைக் கரைத்துவிட்டு, மற்ற பத்தை விட்டுவிட்டுப் போகும் வாய்ப்பை அடைக்க எனக்குத் தெரிந்த நேரான வழி அதுதான்.

ஏலம், ஒப்பந்தம், நீதிமன்றம் என்று காலம் ஓடும். ஆனால் மூன்று வேலைகளைச் செய்ய யாருடைய முடிவுக்கும் காத்திருக்கத் தேவையில்லை. பதின்மூன்று மேட்டிலும் மாதிரி எடுத்து, முடிவுகளைத் தமிழிலும் கன்னடத்திலும் நகராட்சி வாசலில் ஒட்டலாம். பள்ளிகளுக்கு அருகில் தூசி அளக்கும் கருவி வைக்கலாம். வீடுகளை ஒட்டிய மேடுகளின் உச்சியில் உடைகல் பரப்பி, அடிவாரக் குட்டைகளைத் தூர்வாரலாம். தை மாதத்தில் தொடங்கினால் அடுத்த ஆடிக்குள் முடித்துவிடலாம்.